செந்தணல் உணர்த்திய உண்மை – திமித்ரி சேர்னோவ்

நுழையும்முன்

வீடு கட்டும் இடங்களில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் முறுக்குக் கம்பிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை டி.எம்.டி. கம்பிகள் என்று வழங்குகிறோம். வெப்பத்தையும் விசையையும் இணைத்துப் பதப்படுத்தப்பட்ட கம்பிகள் என்பது அப்பெயரின் பொருள். எஃகைச் சூடாக்கினால் இளகும். அடித்தால் வடிவம் மாறும். இதனை உலகெங்கும் கொல்லர்கள் பன்னெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆனால், எந்தச் சூட்டில் அடிக்கவேண்டும், எந்தச் சூட்டில் நிறுத்தவேண்டும், அடித்த பின்பு எவ்வாறு ஆறவிடவேண்டும் என்னும் வினாக்களுக்கு அறிவியல் நெடுங்காலம் விடை கூறவில்லை. அந்த விடையைத் தேடியவர் ஒரு ரஷ்யப் பொறியாளர். வெடித்துச் சிதறிய பீரங்கிகளின் துண்டுகளே அவருக்குப் பாடநூல்களாயின.

இளமையும் கல்வியும்

திமித்ரி கொன்ஸ்தந்தினோவிச் சேர்னோவ் 1839ஆம் ஆண்டு ரஷ்யாவின் அன்றைய தலைநகரான சென்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவ உதவியாளர். செல்வமோ உயர்குடிப் பெருமையோ இல்லாத குடும்பம் அது. கல்வி ஒன்றே அவருக்கு உரிய சொத்தாக இருந்தது. அந்நகரின் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தில் பயின்ற அவர், 1858ஆம் ஆண்டு சிறப்புத் தேர்ச்சி பெற்றார். சிறிதுகாலம் அரசு நாணயச்சாலையில் பணியாற்றிய பின், தாம் பயின்ற நிலையத்திற்கே திரும்பினார். அங்கு மாணவர்க்குக் கற்பித்ததோடு நூலகப் பொறுப்பிலும் துணைநின்றார். அதே காலத்தில் பல்கலைக்கழகத்திற்குச் சென்று கணிதம், இயற்பியல் விரிவுரைகளைக் கேட்டுவந்தார்.

இவ்வாறு ஏழாண்டுகள் கழிந்தன. கையால் செய்யும் தொழிலையும் நூலால் பெறும் அறிவையும் பிரித்துப் பார்க்காத மனப்பாங்கு அந்த ஆண்டுகளில் அவரிடம் உருவாயிற்று. பிற்காலத்தில் உலைக்களத்தின் முன் நின்றபோது அதுவே அவருக்குக் கைகொடுத்தது.

வெடித்த பீரங்கிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீரங்கிகள் வெண்கலத்திலிருந்தும் வார்ப்பிரும்பிலிருந்தும் எஃகிற்கு மாறிக்கொண்டிருந்தன. ரஷ்யாவில் வார்ப்பெஃகுப் பீரங்கிகளை உருவாக்குவதில் பாவெல் ஒபூகவ் என்னும் பொறியாளர் முன்னோடியாக விளங்கினார். அவர் பெயரால் நேவா ஆற்றங்கரையில் 1863ஆம் ஆண்டு ஒரு பெரிய எஃகு ஆலை நிறுவப்பட்டது. 1866ஆம் ஆண்டு அவ்வாலையின் சம்மட்டிக் கூடத்தில் சேர்னோவ் பொறியாளராகச் சேர்ந்தார். உருக்கி வார்த்த எஃகுக் கட்டிகளைச் செந்நிறமாகக் காய்ச்சி, நீராவியால் இயங்கும் பெருஞ்சம்மட்டியின் கீழ் வைத்து அடித்துப் பீரங்கிக் குழல்களாக்கும் இடம் அது.

அங்கு ஒரு பெருங்குறை நீடித்தது. ஆலையில் உருவான குழல்களுள் சில, நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சுட்ட பின்னும் உறுதி குன்றாமல் நின்றன. வேறு சிலவோ சோதனையிலேயே வெடித்தன. குழல் வெடித்தால் வீணாவது எஃகும் உழைப்பும் மட்டுமன்று. அருகில் நிற்கும் பீரங்கி வீரர்களின் உயிரும் போகும். வெளித்தோற்றத்தைக் கொண்டு எந்தக் குழல் தாங்கும், எந்தக் குழல் வெடிக்கும் என்று கூற இயலவில்லை. எஃகுப் பீரங்கியையே கைவிடவேண்டுமோ என்ற ஐயமும் எழுந்தது.

வேதியியல் பகுப்பாய்வு இப்புதிரை அவிழ்க்கவில்லை. வெடித்த குழலிலும் வெடிக்காத குழலிலும் இரும்பும் கார்பனும் பிற பொருள்களும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. இரண்டையும் அடித்தது ஒரே சம்மட்டி. அவ்வாறாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? இதுவே சேர்னோவின் முன் நின்ற வினா.

உடைந்த முகத்தில் கிடைத்த தடயம்

வெடித்த குழல்களின் துண்டுகளைச் சேர்னோவ் கூர்ந்து நோக்கினார். எஃகு உடைந்த இடத்தில் தெரியும் பரப்பை முறிமுகம் என்பர். வெடித்த குழல்களின் முறிமுகத்தில் பெரிய பெரிய மணிகள் பளபளத்தன. உறுதியாக நின்ற குழல்களின் எஃகை உடைத்துப் பார்த்தபோது, மணிகள் கண்ணுக்குப் புலப்படாத அளவிற்கு நுண்மையாக இருந்தன. ஆகவே, எஃகின் தரத்தை அதில் என்னென்ன கலந்துள்ளன என்பது மட்டும் முடிவுசெய்வதில்லை. கலந்தவை உள்ளே எவ்வாறு அமைந்துள்ளன என்பதும் முடிவுசெய்கிறது என்று அவர் உணர்ந்தார். இன்று நுண்ணமைப்பு என்று நாம் குறிப்பிடும் கருத்து இதுவே.

அடுத்த வினா இயல்பாகவே எழுந்தது. ஒரே பொருள் ஒரு குழலில் பருமணியாகவும் மற்றொன்றில் நுண்மணியாகவும் அமையக் காரணம் என்ன? அதற்கான விடை, குழல் கடந்துவந்த வெப்பத்தின் வரலாற்றில் இருக்கவேண்டும் என்று அவர் கருதினார். எஃகுத் துண்டுகளை வெவ்வேறு அளவுக்குக் காய்ச்சினார். சிலவற்றை நீரில் தோய்த்தார். சிலவற்றை மெல்ல ஆறவிட்டார். எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தார். உலையின் உயர்வெப்பத்தைத் துல்லியமாக அளக்கும் கருவி அன்று ஆலைகளில் இல்லை. ஆதலால் எஃகு ஒளிரும் நிறமே அவருக்கு அளவுகோலாயிற்று. கருஞ்சிவப்பு, செஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெண்மை என மாறும் நிறங்களைப் பழகிய கண்ணால் பிரித்தறிந்து குறித்துக்கொண்டார்.

இரண்டு புள்ளிகள்

இந்த ஆய்வுகளின் வழியே இரண்டு வெப்பநிலைகள் தனிச்சிறப்புடையவை என்று சேர்னோவ் கண்டார். முதலாவது, கருஞ்சிவப்பாக ஒளிரும் நிலை. அந்நிலைக்குக் கீழே சூடேற்றிய எஃகை எவ்வளவு விரைவாக நீரில் தோய்த்தாலும் அது கடினமாவதில்லை. இதனை அவர் 'அ' என்னும் எழுத்தால் குறித்தார். இரண்டாவது, அதனினும் உயர்ந்த நிலை. அந்நிலையை எட்டாத எஃகின் மணிகள் பழைய வடிவிலேயே நிற்கின்றன. அதனை எட்டியதும் பழைய பருமணிகள் மறைந்து, எஃகு முழுவதும் புதிய நுண்மணிகளாக மாறுகிறது. இதனை 'பி' என்னும் எழுத்தால் குறித்தார்.

இவற்றிற்கு அவர் எண்களைத் தரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. இப்புள்ளிகளின் இடம் எஃகிலுள்ள கார்பனின் அளவிற்கேற்ப மாறுபடும் என்பதை அவர் அப்போதே அறிந்திருந்தார். வெப்பநிலையை ஒரு நேர்கோடாக வரைந்து, அதன்மீது இப்புள்ளிகளைக் குறித்துக் காட்டினார். உலோகவியல் மாணவர்கள் இன்று பயிலும் இரும்பு–கார்பன் நிலைப்படத்திற்கு அந்த எளிய கோடு முன்னோடியாகும்.

இன்றைய அறிவியல் இப்புள்ளிகளை இவ்வாறு விளக்குகிறது. அறை வெப்பநிலையில் எஃகின் பெரும்பகுதி ஃபெர்ரைட்டு என்னும் படிக அமைப்பில் உள்ளது. ஏறத்தாழ 727 பாகை செல்சியசில் அது ஆஸ்டெனைட்டு என்னும் வேறொரு படிக அமைப்பிற்கு மாறத் தொடங்குகிறது. கார்பன் அளவைப் பொறுத்து அதற்கு மேலுள்ள ஒரு வெப்பநிலையில் மாற்றம் நிறைவடைகிறது. பழைய மணிகளின் எல்லைகளில் புதிய மணிகள் முளைவிடுவதால், மாற்றம் முடிந்த கணத்தில் எஃகு நுண்மணியாக இருக்கிறது. அந்நிலையிலிருந்து மெல்ல ஆறவிட்டால் மென்மையான அமைப்பும், நீரில் தோய்த்தால் மார்ட்டென்சைட்டு என்னும் மிகக் கடினமான அமைப்பும் உருவாகின்றன. அணுக்களின் ஒழுங்கமைவைக் காட்டும் ஊடுகதிர் ஆய்வுகள் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்பே, முறிமுகத்தையும் தணலின் நிறத்தையும் மட்டும் கொண்டு சேர்னோவ் இந்த எல்லைகளைக் கண்டறிந்தார்.

அடியும் வெப்பமும்

சம்மட்டி அடி எஃகை நெருக்கி, உள்ளிருக்கும் இடைவெளிகளை மூடி, அடர்த்தியாக்குகிறது. அதனாலேயே எஃகு வலிமை பெறுகிறது என்பது அக்காலத்தில் பலரும் கொண்ட கருத்து. அவ்வாறாயின் அதிகம் அடித்த எஃகே அதிக உறுதியுடன் இருக்கவேண்டும். ஆலையில் கண்ட உண்மையோ வேறாக இருந்தது. நன்றாக அடிக்கப்பட்ட குழல்களும் வெடித்தன.

சேர்னோவ் இதனை வேறு கோணத்தில் அணுகினார். 'பி' புள்ளிக்கு மிக மேலே, எஃகு வெண்சூட்டில் இருக்கும்போது அடித்தால் பருமணிகள் சிதைந்து நுண்மணிகளாகின்றன என்பது உண்மையே. ஆனால், அச்சூட்டிலேயே அடிப்பதை நிறுத்திவிட்டால் அந்நன்மை நிலைப்பதில்லை. மிகுந்த வெப்பத்தில் நுண்மணிகள் ஒன்றையொன்று விழுங்கி மீண்டும் பெருக்கத் தொடங்குகின்றன. பீரங்கிக் குழல் போன்ற பருத்த பொருள் ஆறுவதற்கு நெடுநேரமாகும். அந்நேரம் முழுவதும் மணிகள் வளர்ந்துகொண்டே இருக்கும். சம்மட்டியின் உழைப்பு அங்கே வீணாகிறது.

இதற்கு அவர் இரண்டு வழிகளைக் காட்டினார். எஃகு ஆறிக்கொண்டே வந்து 'பி' புள்ளியை நெருங்கும்வரை அடிப்பதைத் தொடரவேண்டும் என்பது முதல் வழி. அப்போது மணிகள் மீண்டும் வளரப் போதிய வெப்பமும் காலமும் கிடைப்பதில்லை. அவ்வாறு செய்ய இயலாதபோது, அடித்து முடித்த பொருளை மீண்டும் 'பி' புள்ளிவரை சூடேற்றி, மணிகள் வளர இடந்தராமல் தக்க விரைவில் ஆறவிடவேண்டும் என்பது இரண்டாம் வழி. அடிக்காத வார்ப்பெஃகையும் இவ்வாறு வெப்பத்தால் மட்டும் பதப்படுத்தி, அடித்த எஃகோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நுண்மணி அமைப்பைப் பெற்றுவிட்டால், அடிக்காத எஃகும் வலிமையில் பின்தங்குவதில்லை என்று கண்டார். சம்மட்டியின் எடையையும் அடிகளின் எண்ணிக்கையையும் பெரிதாகக் கருதியவர்களுக்கு இம்முடிவு வியப்பளித்தது. அடியின் பயனை அது விழும் வேளையும், அதனைத் தொடரும் வெப்பமுமே தீர்மானிக்கின்றன என்பதே அவர் ஆய்வின் சாரம்.

அறிஞர் அவையில்

1868ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ரஷ்யத் தொழில்நுட்பக் கழகத்தின் கூட்டங்களில் சேர்னோவ் தம் முடிவுகளை முன்வைத்தார். அப்போது அவருக்கு வயது 28. எஃகையும் எஃகுப் பீரங்கிகளையும் பற்றி லாவ்ரோவ், கலக்குத்ஸ்கி ஆகிய இரு வல்லுநர்கள் எழுதிய கட்டுரைகளைத் திறனாய்வு செய்யும் வகையில் அவருடைய உரை அமைந்திருந்தது. வார்ப்புக் கட்டிகளின் உட்குறைகளை ஆராய்ந்த அவ்விருவரின் உழைப்பை அவர் புறக்கணிக்கவில்லை. அவர்கள் தொடங்கிய வினாவை எடுத்துக்கொண்டு, தம் சோதனைகள் காட்டிய இடம்வரை கொண்டுசென்றார். கருத்து வேறுபாட்டைச் சான்றுகளால் நிறுவுவதே அறிவுலக மரபு என்பதற்கு அவ்வுரை எடுத்துக்காட்டு. பின்னாளில் அது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மொழிபெயர்க்கப்பட்டது.

> தெரிந்து தெளிவோம்
>
> சேர்னோவுக்கு முன்பே ரஷ்யாவில் எஃகின் அமைப்பை ஆராய்ந்தவர் பாவெல் அனோசவ். யூரல் மலைப்பகுதியில் உள்ள ஸ்லாத்தவூஸ்த் ஆலையில் பணியாற்றிய இவர், அலையலையான கோலங்களைக் கொண்ட கீழைநாட்டு வாள்களின் மறைபொருளைத் தேடினார்; 1831ஆம் ஆண்டு எஃகின் பரப்பை நுண்ணோக்கியால் நோக்கினார். அத்தகைய வாள்களுக்குரிய எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் ஏற்றுமதியாயின. மேலைநாட்டார் அதனை ஊட்ஸ் என்றனர். அளவான சூட்டில் அடித்தால்தான் அவ்வெஃகின் கோலம் நிலைக்கும். அளவு மீறிக் காய்ச்சினால் கோலம் கரைந்துபோகும்.

வார்ப்பிலிருந்து வாய்க்குழல்வரை

அடித்த எஃகோடு சேர்னோவின் ஆய்வு நின்றுவிடவில்லை. உருகிய எஃகு எவ்வாறு உறைகிறது என்பதையும் ஆராய்ந்து, 1878ஆம் ஆண்டு விளக்கினார். உறையும் எஃகில் படிகங்கள் மரம்போலத் தண்டும் கிளையும் கிளையின் கிளையுமாக வளர்கின்றன என்று அவர் காட்டினார். 100 டன் எடையுள்ள ஒரு வார்ப்புக் கட்டியின் உட்குழியில் கிடைத்த அத்தகைய ஒரு படிகம் 39 செ.மீ. நீளமும் 3.45 கி.கி. எடையும் உடையது. அவருடைய மாணவர் ஒருவர் அவருக்கு அளித்த அப்படிகம், சேர்னோவ் படிகம் என்ற பெயரால் உலோகவியல் நூல்களில் இடம்பெற்றுள்ளது.

எஃகைக் குளிர்நிலையில் அழுத்தும்போது, அது வளையத் தொடங்கும் கணத்தில் மெருகிட்ட பரப்பில் ஒழுங்கான கோடுகள் தோன்றுவதையும் அவர் ஆராய்ந்தார். அவருக்கு முன்பே செருமானியரான லூடர்ஸ் அவற்றைக் குறிப்பிட்டிருந்தார். இன்று அவை இருவர் பெயராலும் வழங்கப்படுகின்றன. உருத்திரிபு எஃகு முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. சில பட்டைகளில் தொடங்கிப் பிற இடங்களுக்குப் படர்கிறது என்பதற்கு அக்கோடுகள் சான்றாகும். பீரங்கியின் உட்பரப்பு சுடச்சுட ஏன் அரிக்கப்படுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்து எழுதினார்.

1880ஆம் ஆண்டு ஒபூகவ் ஆலையைவிட்டு விலகிய சேர்னோவ், தெற்கே பாக்முத் பகுதிக்குச் சென்று பாறை உப்புப் படிவங்களைத் தேடினார். தேடல் வீண்போகவில்லை, அங்கு வளமான உப்புப் படிவங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். நான்காண்டுகளுக்குப் பின் தலைநகர் திரும்பி அரசுப் பணிகளை ஏற்றார். இசையிலும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், தம் கையாலேயே வயலின்களைச் செய்தார். 1893ஆம் ஆண்டு, பலூனின் துணையின்றி எந்திர விசையால் வானில் பறக்க இயலுமா என்பதைப் பற்றித் தொழில்நுட்பக் கழகத்தில் உரையாற்றினார். ரைட் உடன்பிறப்புகளின் வானூர்தி பறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்தது இது.

ஆசிரியராக

1889ஆம் ஆண்டு முதல் மிகைலோவ்ஸ்கி பீரங்கிப் படைக் கல்விக்கழகத்தில் உலோகவியல் பேராசிரியராகச் சேர்னோவ் விளங்கினார். பீரங்கிகளைச் செய்யும் ஆலையில் தொடங்கிய அவருடைய வாழ்க்கை, பீரங்கிகளை இயக்கும் இளைஞர்களுக்குக் கற்பிக்கும் இடத்தை வந்தடைந்தது. ஒரு குழல் ஏன் வெடிக்கிறது என்பதை அறிந்த ஆசிரியரிடம், அக்குழலின் அருகே நிற்கப்போகும் மாணவர்கள் பாடம் கேட்டனர்.

உலகம் ஏற்றது

நிறத்தைக் கண்டு வெப்பத்தைக் கணித்த ஒருவரின் கூற்றை எவ்வாறு நம்புவது என்ற ஐயம் சிலருக்கு இருந்திருக்கலாம். அதற்கு விடை 1880களில் கிடைத்தது. பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்டலியே உருவாக்கிய வெப்பமின் இணை என்னும் கருவி, உயர்வெப்பத்தைத் துல்லியமாக அளந்தது. அதனைக் கொண்டு பிரெஞ்சு அறிஞர் ஒஸ்மோன், எஃகு ஆறும்போது குறிப்பிட்ட சில வெப்பநிலைகளில் அதன் ஆறும் வேகம் தடைப்படுவதைக் கண்டார். எஃகினுள் உருமாற்றம் நிகழும் வேளைகள் அவை. சேர்னோவ் கண்ணால் குறித்த புள்ளிகளைக் கருவியும் உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் ஹென்றி சோர்பி 1860களில் தொடங்கிய நுண்ணோக்கி ஆய்வுகளும் இதனோடு இணைந்து உலோக நுண்ணமைப்பியல் என்னும் தனித்துறை வளர்ந்தது. ரஷ்ய உலோகவியல் கழகம் சேர்னோவைத் தன் மதிப்புறு தலைவராக ஏற்றது. பிரிட்டனின் இரும்பு எஃகுக் கழகம் மதிப்புறு துணைத்தலைவர் என்னும் சிறப்பை அளித்தது.

தம் இறுதி ஆண்டுகளைக் கருங்கடற்கரை நகரான யால்ட்டாவில் கழித்த சேர்னோவ், 1921ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் தமது 81ஆம் அகவையில் அங்கேயே மறைந்தார்.

இன்றும் தொடரும் வழி

சேர்னோவ் காட்டிய வழி அவர் மறைவிற்குப் பின் மேலும் விரிந்தது. மணிகள் நுண்மையாகுந்தோறும் எஃகின் வலிமை உயர்கிறது என்பதை 1950களில் ஹால், பெட்ச் என்னும் இரு அறிஞர்கள் தனித்தனியே கணிதத் தொடர்பாக நிறுவினர். வலிமையை உயர்த்தும் பிற வழிகள் பெரும்பாலும் எஃகை எளிதில் முறியச் செய்கின்றன. மணிகளை நுண்மையாக்கும் வழியோ வலிமையையும் முறியாத்தன்மையையும் ஒருங்கே தருகிறது.

இன்றைய ஆலைகளில் எரிவாயுக் குழாய்களுக்கும் பாலங்களுக்கும் உரிய தகடுகளை உருட்டும்போது வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகின்றனர். மிகச் சிறிதளவு நையோபியம் சேர்த்த எஃகை, மணிகள் புதிதாய்ப் பிறந்து வளர இயலாத அளவிற்குச் சூடு தணிந்த நிலையில் உருட்டுகின்றனர். ஆஸ்டெனைட்டு மணிகள் அப்போது அப்பம்போலத் தட்டையாகின்றன. அவற்றின் எல்லைகள் பெருகுகின்றன. உள்ளே திரிபுப் பட்டைகளும் தோன்றுகின்றன. ஆறும்போது அவ்விடங்களிலெல்லாம் ஃபெர்ரைட்டு முளைவிடுவதால் மிக நுண்ணிய மணிகள் கிடைக்கின்றன. அடித்து முடிக்கும் வெப்பநிலையே மணியின் அளவைத் தீர்மானிக்கிறது என்னும் சேர்னோவின் கருத்து இங்கே ஒரு தொழில்முறையாகவே வளர்ந்திருக்கிறது.

நாம் தொடக்கத்தில் கண்ட டி.எம்.டி. கம்பியும் இந்த அறிவின் வழிவந்ததே. உருட்டி முடித்த கம்பி செஞ்சூட்டோடு நீர்த்தாரைகளின் ஊடே விரைந்து செல்கிறது. அதன் புறப்பகுதி நொடியில் குளிர்ந்து கடின மார்ட்டென்சைட்டாகிறது. உட்பகுதியில் எஞ்சிய வெப்பம் வெளியே பரவிப் புறப்பகுதியின் முறியும் தன்மையைக் குறைக்கிறது. உட்பகுதியோ மெல்ல ஆறி, வளைந்துகொடுக்கும் மென்மையைப் பெறுகிறது. வெளியே உறுதியும் உள்ளே நெகிழ்வும் கொண்ட அக்கம்பி, நிலநடுக்கத்தின்போது எளிதில் முறியாமல் வளைந்து கட்டடத்தைத் தாங்குகிறது.

பீரங்கி வீரர்களின் உயிரைக் காக்கும் முயற்சியில் பிறந்த அறிவு, இன்று நம் கூரைக்குக் கீழே உறங்குவோரைக் காத்து நிற்கிறது. உடைந்த துண்டுகளைக் கழிவென்று ஒதுக்காமல், அவை ஏன் உடைந்தன என்று கேட்ட ஓர் இளம் பொறியாளரின் பொறுமையே இதன் தொடக்கம். தோல்வி கிடைத்த இடத்திலேயே அதற்கான காரணமும் கிடக்கும். குனிந்து எடுத்துப் பார்ப்பவருக்கே அது புலப்படும் என்பதைச் சேர்னோவின் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள கொல்லுப்பட்டறைக்குச் சென்று, இரும்பின் சூட்டை அவர்கள் எவ்வாறு கணிக்கின்றனர் என்று கேட்டறிந்து, அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்க.
2. ஒரே சம்மட்டியால் அடிக்கப்பட்ட இரு குழல்களில் ஒன்று நிலைத்து, மற்றொன்று வெடித்ததற்குரிய காரணத்தைப் பாடக்கருத்துகளின் வழி விளக்குக.
3. தோல்வியை ஆராய்ந்து வெற்றி கண்ட அறிவியலாளர் ஒருவரைப் பற்றி வகுப்பறையில் மூன்று நிமிடங்கள் உரையாற்றுக.